சாவியை வாங்க முன்னம் கணக்கைப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பில் உள்ள தமிழ்க் குடும்பங்களில் ஞாயிறு மதியச் சாப்பாட்டு மேசைக்கு இப்போது ஒரு புது விசயம் வந்து சேர்ந்திருக்கிறது. "அப்பா இனிக் கார் ஓடக்கூடாது." இதைச் சொல்பவர் பெரும்பாலும் ரொறன்ரோவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வீடியோ அழைப்பில் முகம் காட்டும் மூத்த மகன். அப்பா பாயசக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பிப் போவார். மறுநாள் காலை அம்மாவைக் கிளினிக்குக்கு யார் கூட்டிப்போவது என்ற கேள்வி அழைப்பு முடிந்த பிறகுதான் வரும். அந்தச் சுமை வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பக்கத்தில் இருக்கிற மகளின் தலையில் விழும்.

"ஓடலாமா, கூடாதா" என்று கேட்டால் விடை வராது, சண்டைதான் வரும். எந்தப் பயணம், எந்த நேரம், எந்த வீதி, அதற்குப் பதிலாக என்ன, அதற்குக் காசு எங்கிருந்து என்று பிரித்துக் கேட்டால் அப்பாவே பாதியை விட்டுக்கொடுப்பார். அரசாங்கம் நமக்காக இதை முடிவு செய்யும் என்று காத்திருக்கவும் முடியாது. இலகுரக வாகனச் சாரதி அனுமதிப்பத்திரம் எட்டு வருடங்களுக்குச் செல்லுபடியாகும். 67 வயதில் மருத்துவச் சான்றிதழ் எடுத்துப் புதுப்பித்தவரின் கையில் 75 வயது வரைக்கும் பத்திரம் இருக்கும். அந்த எட்டு வருடங்களுக்குள் கண், காது, கழுத்து, கால் எல்லாம் மாறிவிடும்; அட்டை மாறாது.

பேச்சைச் சாப்பாட்டுக்கு முன், காலைத் தேநீரோடு வைப்பது நல்லது. நீரிழிவு உள்ளவர் பசியோடோ, சோறு தின்ற மயக்கத்தோடோ இருக்கும்போது பேசினால் நியாயம் எடுபடாது. மேசையில் மூன்று தாள் இருக்கட்டும். கடந்த மாதம் கார் போன இடங்கள், அப்பாவும் அம்மாவும் எடுக்கும் மருந்துகள், காருக்குப் போன செலவு. மூன்றையும் அவர்கள் கையாலேயே எழுத விடுங்கள். பிள்ளைகள் எழுதிக்கொண்டு வந்தால் அது குற்றப்பத்திரிகை மாதிரித் தெரியும்.

பயணத் தாளில் கிளினிக், சந்தை, கோயில், பேரப்பிள்ளையின் ரியூசன், கலியாண வீடு, செத்த வீடு என்று எல்லாம் வரும். ஒவ்வொன்றுக்கும் எதிரே பகலா இரவா, மழையா, பெரிய வீதியில் வலப்பக்கம் திரும்ப வேண்டுமா என்று குறியுங்கள். ஆபத்து எல்லாப் பயணத்திலும் சமமாகப் பரவியிருப்பதில்லை. பின்னேரம் ஆறிலிருந்து எட்டு வரை, மண்டபத்தில் விருந்து முடிந்து திரும்பும் இரவு, பள்ளிக்கூடம் விடும் நேரம், யாழ்ப்பாணம் வரை ஒரே மூச்சில் ஏறக்குறைய 400 கிலோமீற்றர் என்று சிலவற்றில்தான் அது குவிந்து கிடக்கிறது. அவற்றை முதலில் நிறுத்தினால், காலை ஒன்பதரைக்கு மூன்று கிலோமீற்றர் தூரச் சந்தைக்குப் போவதை இப்போதைக்கு விட்டுவைக்கலாம்.

இரவை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்கு, 20 வயதுக் கண்ணுக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் போய்ச் சேர்கிறது. கண்மணி சிறுத்துவிடும், வில்லை மஞ்சளாகிவிடும். கண்புரை தொடங்கியிருந்தால் எதிரே வரும் வாகனத்தின் வெளிச்சம் வில்லைக்குள் சிதறி, கறுப்புச் சட்டையோடு வீதியைக் கடப்பவரை விழுங்கிவிடும். மாலை ஐந்தரைக்கு மரைன் டிரைவில் கடல் பக்கமிருந்து சாய்ந்து அடிக்கும் வெயிலும் இதே வேலையைச் செய்யும். "கண் தெரியுதா?" என்று கேட்டால் "தெரியுது" என்பார்கள். "இரவில எதிர்வாற லைற் கூசுதோ, கூசின பிறகு திரும்பத் தெரிய எவ்வளவு நேரம் எடுக்குது?" என்று கேளுங்கள்.

வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. பிரித்தானியாவில் சாரதிக்குரிய அளவுகோலாக, பகல் வெளிச்சத்தில் 20 மீற்றர் தூரத்து இலக்கத் தகட்டை வாசிக்கச் சொல்வார்கள். ஒழுங்கையில் நாடாவால் அளந்து, அவர் வழமையாகப் போடும் கண்ணாடியோடு வாசிக்கச் சொல்லலாம். தவறினால் கண் வைத்தியரிடம் போக வேண்டும். வாசித்துவிட்டால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. குளுக்கோமா நேர்ப்பார்வையைத் தொடாமல் ஓரப்பார்வையைத்தான் முதலில் தின்னும், அவருக்கே தெரியாது. "அவன் திடீரெண்டு வந்து பூந்தவன்" என்று ஒரே மாதத்தில் இரண்டு தரம் சொன்னால், மோட்டார் சைக்கிள்காரனைத் திட்டுவதை விட்டுவிட்டுப் பார்வைப் புலப் பரிசோதனைக்கு நாள் எடுங்கள். கொழும்பு தேசிய கண் வைத்தியசாலையில் கண்புரைச் சத்திரசிகிச்சை இலவசம். காத்திருக்க வேண்டி வரும். அந்தக் காலத்துக்கு இரவு ஓட்டத்தை மட்டும் நிறுத்தி வைக்கலாம். கண்ணைச் சரிசெய்து பார்க்காமல் சாவியை வாங்குவது அநியாயம்.

அடுத்தது வலப்பக்கம் திரும்புவது. நாம் இடப்பக்கமாக ஓடுகிறோம், ஆகவே வலப்பக்கத் திருப்பம்தான் எதிரே வரும் வாகனங்களைக் குறுக்கே வெட்டும் திருப்பம். எதிரே வரும் பஸ்ஸின் தூரத்தையும் வேகத்தையும் ஒன்றாக மதிப்பிட்டு, அதே நேரம் மஞ்சள் கடவையில் ஆள் நிற்கிறாரா என்றும் பார்க்க வேண்டும். வயது போகப் போக இந்த இரண்டையும் ஒன்றாகச் செய்வதுதான் முதலில் தடுமாறும். மணிக்கு 50 கிலோமீற்றரில் கார் ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 14 மீற்றர் ஓடிவிடும். முடிவெடுக்க ஒரு செக்கன் பிந்தினாலே மூன்று கார் நீளம் போய்விட்டது. பரிகாரம் எளியது. சமிக்ஞை விளக்கு இருக்கும் சந்தியில் மட்டும் வலம் திரும்புங்கள். இல்லாவிட்டால் தாண்டிப் போய் மூன்று இடத் திருப்பமாகச் சுற்றி வாருங்கள். காலி வீதியும் டுப்ளிகேசன் வீதியும் குறுக்கு ஒழுங்கைகளும் பக்கம் பக்கமாக ஓடும் கொழும்பின் தென்பகுதியில் பல இடங்களுக்கு இப்படிப் போகலாம். ஐந்து நிமிடம் கூடும், அவ்வளவுதான்.

மருந்துத் தாளுக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். கிளினிக் கொப்பியைத் திறந்து வைத்து, பாமசியில் தனியாக வாங்கியவற்றையும் சேர்த்து எழுதுங்கள். இன்சுலின், கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட், டொல்பியூட்டமைட் ஆகியவை இரத்தச் சீனியைத் தேவைக்கு மேல் இறக்கக்கூடியவை. மெற்போமின் மட்டும் எடுப்பவருக்கு அந்த அபாயம் மிகக் குறைவு. சீனி இறங்கினால் வெறிகாரன் போல ஓடுவார், தனக்கு ஒன்றும் இல்லை என்றும் அடித்துச் சொல்வார். அற்றெனலோல், புரொப்ரனலோல் போன்ற குளிசையும் சேர்ந்தால் நடுக்கமும் படபடப்பும் மறைந்துவிடும், எச்சரிக்கையே கிடைக்காது. நம்மவர்களுக்கென்று இன்னொரு பொறி இருக்கிறது. கந்தசஷ்டி, ஏகாதசி என்று விரதம் இருப்பார்கள். குளிசையை மட்டும் வழமை போலப் போட்டுக்கொண்டு கோயிலுக்குக் கார் எடுப்பார்கள். விரத நாளில் மருந்தளவை என்ன செய்வது என்று வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைக்க வேண்டும். அன்று கார் வேண்டாம்.

இந்த மருந்து எடுப்பவர் ஓட்ட முன் விரலில் குத்திப் பார்த்து, சீனி டெசிலீற்றருக்கு 90 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் சாவியைத் தொட வேண்டும். நீண்ட பயணமென்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் பார்க்க வேண்டும். குளுக்கோஸ் பைக்கற் சட்டைப் பையிலோ கைக்கெட்டும் தட்டிலோ இருக்கட்டும், டிக்கியில் இருந்து பயனில்லை. வழியில் உடம்பு ஒரு மாதிரி வந்தால் இடப்பக்கம் ஓரங்கட்டி, இயந்திரத்தை நிறுத்தி, மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். அளவு சரியான பிறகும் முக்கால் மணித்தியாலம் ஓட்டக்கூடாது. மூளை தெளிய அவ்வளவு நேரம் எடுக்கும். பேச்சுத் தடுமாறினால், மயங்கினால் வாயில் ஒன்றும் ஊற்றாமல் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

நீண்ட கால நீரிழிவில் பாதம் மரத்துப்போகும். பிரேக்கில் கால் இருக்கிறதா, அக்சிலரேற்றரில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்பவர் கார் ஓட்டவே கூடாது. கிளினிக்கில் மெல்லிய நைலோன் நாரால் பாதத்தைத் தொட்டுச் சோதிப்பார்கள், கேட்டுச் செய்வியுங்கள். இறப்பர்ச் சிலிப்பரோடு ஓடுவதை மரக்காத காலுக்கும் நிறுத்துங்கள்; அது பெடலுக்கு அடியில் மடங்கிச் செருகும். தடிமலுக்கு வாங்கும் பிரிற்றோன் (Piriton) குளிசை, நித்திரைக் குளிசை, நரம்பு வலிக்குத் தரும் அமிற்ரிப்டிலின், பிரகபலின் எல்லாம் மந்தமாக்கும். இரவு போட்டது காலையிலும் மிச்சம் இருக்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகு ஒரு அரை மணி நேரம் அவரோடு காரில் போய் வாருங்கள். இடப்பக்க ஆசனத்தில் இருப்பவர் வாய் திறக்கக்கூடாது. அம்மாமார் "பாத்து, பாத்து" என்று சொல்லிக்கொண்டு வந்தால் சோதனை கெட்டுவிடும். ஒழுங்கையிலிருந்து பெரிய வீதிக்கு ஏறுவது, ஒரு சுற்றுவட்டம், ஒரு வலத்திருப்பம், பின்னுக்கு எடுத்துத் தரிப்பது நான்கும் வர வேண்டும். மற்றவர்கள் எத்தனை தரம் ஹோர்ன் அடித்தார்கள், மஞ்சள் கடவையில் வேகம் குறைந்ததா, கோட்டை விட்டு விலகியதா, தெரிந்த வழியில் யோசித்தாரா என்று மனதுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள். புறப்படும் முன் காரைச் சுற்றி ஒரு நடை. சாரதி வலப்பக்கம் இருப்பதால் தூரக் கணிப்புப் பிசகினால் கீறல் இடப்பக்கத்தில்தான் விழும். இடது முன் பம்பரின் மூலை, இடது கண்ணாடி, இடது சில்லின் றிம் மூன்றிலும் புதுக் காயம் இருந்தால் அது பக்கத்து வீட்டுக்காரன் செய்ததாக இருக்காது.

பேரம் பேச இடமில்லாத நிலைகளும் உண்டு. வலிப்பு, காரணம் தெரியாத மயக்கம், பாரிசவாதம் அல்லது சிறிது நேரம் வந்து மறைந்த வாய் கோணல், பிறர் உதவி தேவைப்பட்ட சீனி இறக்கம், பழகிய வழியில் தொலைந்துபோதல், பிரேக்குக்குப் பதில் அக்சிலரேற்றரை மிதித்தல். ஒன்று நடந்தாலும் அன்றே நிறுத்தி, வைத்தியர் சொல்லும் வரை தொடக்கூடாது. பிள்ளை சொல்லி நிற்காதவர் டொக்டர் சொன்னால் நிற்பார். கொப்பியில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். மறதி நோய் முற்றியவரைத் தவிர வேறு யாரிடமும் சாவியை ஒளிப்பது, பற்றரி வயரைக் கழற்றுவது வேண்டாம். கண்டுபிடித்துவிடுவார்கள். அதன் பிறகு ஒரு சொல்லையும் நம்பமாட்டார்கள்.

தொடர்ந்து ஓடுவது என்று முடிவானால், காசு குறைவாகவும் பலன் அதிகமாகவும் உள்ள வேலைகள் சில. ஆசனத்தை உயர்த்தி, கண் ஸ்டியரிங் வளையத்துக்கு மேலே நான்கு விரல் அகலமாவது இருக்கும்படி வையுங்கள். நெஞ்சுக்கும் வளையத்துக்கும் 25 சென்ரிமீற்றராவது இடைவெளி வேண்டும், கிட்ட இருந்தால் எயார்பாக்கே காயப்படுத்தும். கண்ணாடிகளில் ஒட்டிய கறுப்பு ரின்ற்றைக் கழற்றுங்கள். மஞ்சளித்த ஹெட்லைற்றைத் தேய்த்துப் பொலிஷ் பண்ணினால் இரவு வெளிச்சம் மீளும். முன்கண்ணாடியை உட்பக்கமும் துடையுங்கள். குறைவாக ஓடும் காரின் ரயர் தேயாது, ஆனால் வெடிக்கும். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்; 2319 என்றால் 2019இன் 23ஆம் வாரம். பூ ஆழமாக இருக்கிறதே என்று பத்து வருட ரயரில் ஓடவேண்டாம். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும், ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒரு தரம் மாற்ற வேண்டும்.

இப்போது காசுத் தாள். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி முதல் 18 வீதம். ஓய்வூதியமும் வட்டியும் அந்த வேகத்தில் ஏறவில்லை. ஆகவே அப்பாவின் கார் எவ்வளவு தின்கிறது என்று ஒரு தரமாவது கூட்டிப் பார்க்க வேண்டும். கீழே உள்ளவை மாதிரி எண்கள். உங்கள் பற்றுச்சீட்டில் உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள். மாதம் 250 கிலோமீற்றர், கொழும்பு நெரிசலில் லீற்றருக்கு பத்து, லீற்றர் 300 ரூபா என்றால் பெற்றோலுக்கு வருடம் 90,000. முழுக் காப்புறுதி 100,000. வருமான அனுமதிப்பத்திரமும் புகைப் பரிசோதனையும் 8,000. இரண்டு சேர்விஸ் 50,000. நான்கு ரயர் ஒரு இலட்சம், ஐந்து வருடத்தால் பிரித்தால் 20,000. பற்றரி 36,000, மூன்று வருடத்தால் பிரித்தால் 12,000. சில்லறைத் திருத்தம் 60,000. ஆக வருடம் 340,000, மாதம் 28,000 சொச்சம். பெற்றோல் இதில் கால் பங்குதான். ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்தால் செலவு பாதியாகாது என்பதை இங்கேதான் பலர் தவறவிடுகிறார்கள்.

இனிக் காரை விற்றால் என்ன ஆகும்? 50 இலட்சத்துக்குப் போனது என்று வைப்போம். 8 வீத நிலையான வைப்பில் வருடம் 4 இலட்சம். ஆக, கார் வீட்டில் நிற்பதன் மொத்த விலை வருடம் 740,000, மாதம் ஏறக்குறைய 61,700. மாதம் 30 ஓட்டோப் பயணம் 600 ரூபாப்படி 18,000, ஆறு தரம் வாடகைக் கார் 2,500 படி 15,000, மொத்தம் 33,000. மிச்சம் 28,000க்கு மேல். இரண்டு பேரும் தினமும் வெளியே போகும் வீட்டில் இந்தக் கணக்குத் திரும்பிவிடலாம். அங்கே காரை வைத்துக்கொண்டு இரவுக்கும் தூரப் பயணத்துக்கும் மட்டும் நாள்கூலிச் சாரதி பிடிப்பது மலிவு. அதற்கு முன், வேறு சாரதி ஓடினாலும் காப்புறுதி செல்லுமா என்று பத்திரத்தில் பாருங்கள்.

வட்டியில் ஒரு ஓட்டையை அடைக்க மறக்க வேண்டாம். 2025 ஏப்ரல் முதல் வங்கி, வட்டியில் 10 வீதத்தை வரியாக முற்கூட்டியே கழிக்கிறது. ஆண்டு மொத்த வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர் அதைச் சொல்லி வங்கியில் பிரகடனப் படிவம் கொடுத்தால் கழிக்கமாட்டார்கள். மேலே சொன்ன 4 இலட்சத்தில் அது 40,000 ரூபா. அறுபத்தாறு ஓட்டோப் பயணம். வரி வருடம் ஏப்ரலில் தொடங்குவதால் படிவத்தையும் வருடாவருடம் கொடுக்க வேண்டும்.

காரை விற்கும்போது "ஓப்பன் பேப்பரில்", அதாவது உரிமையை மாற்றாமல், கொடுக்கவே வேண்டாம். உரிமை மாறாத கார் நாளைக்கு எங்கே மோதினாலும் பொலிஸ் முதலில் தேடி வருவது பதிவில் பெயர் உள்ள அப்பாவைத்தான். வாங்குபவரோடு உரிமை மாற்றத்தை முடித்து, பழைய உரிமையாளர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்கும் படிவத்தையும் கொடுத்துப் பிரதியை வைத்திருங்கள்.

போக்குவரத்துக் காசு அவர்கள் கையிலேயே இருக்க வேண்டும் என்பதை மற்ற எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்லலாம். "தேவையெண்டாச் சொல்லுங்கோ, ஓட்டோ போட்டுத் தாறம்" என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஐம்பது வருடம் தன் காசில் எல்லாரையும் ஏற்றி இறக்கியவர் கோயிலுக்குப் போக மகளிடம் 600 ரூபா கேட்கமாட்டார். வீட்டிலேயே இருந்துவிடுவார். பிறகு கிளினிக்கும் தவறும். மாதம் முதலாம் திகதி 33,000 தானாகவே அவர் கணக்குக்குப் போகும்படி வங்கியில் நிரந்தரக் கட்டளை போடுங்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் ஆலோசனையோடு இதையும் அனுப்பலாம். பிக்மீ, ஊபர் செயலியை அவருடைய போனில் ஏற்றி, வீடு, கிளினிக், கோயில் மூன்றையும் பதிந்து, காசாகக் கொடுக்கும் வகையில் வைத்து, இலக்கத் தகட்டைப் பார்த்து ஏறப் பழக்குங்கள். கார் இருக்கும்போதே இரண்டு மாதம் பழகினால், இல்லாதபோது அந்தரப்படமாட்டார்.

கடைசியாக ஒன்றை அதிகாரிகளுக்கும் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது. காரை விட்டவர் அன்றிலிருந்து பாதசாரி. நம் நாட்டு வீதி மரணங்களில் பாதசாரிகள் பெரும் பங்கு. காரின் இரும்புக் கூட்டுக்குள் இருந்தவர் இனி 100ஆம் இலக்க பஸ் முழுதாக நிற்க முன்னம் மிதிபலகையில் கால் வைக்க வேண்டும். கடவை விளக்குகளுக்கு நேரம் வைக்கும்போது பொதுவாக ஒருவர் செக்கனுக்கு 1.2 மீற்றர் நடப்பார் என்று கணக்கிடுவார்கள். மூட்டு வலியோடு 0.8 மீற்றர் நடப்பவருக்கு 14 மீற்றர் அகல வீதியைக் கடக்க 12 செக்கன் போதாது, பதினேழரை வேண்டும். காலி வீதியில் வைத்தியசாலை, கோயில், சந்தை ஆகியவற்றுக்கு எதிரே உள்ள கடவைகளில் பச்சை விளக்கை ஆறு செக்கன் நீட்டித் தரும்படி வீதிப் போக்குவரத்துக்குப் பொறுப்பானவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகர்கள்
கொழும்பு 06